நாலு இஞ்சும் எட்டு இஞ்சும்

பிப்ரவரி 11, புதன்

இன்று ஏழு பேன்ட்டுக்கு ஓரம் மடித்தேன், இரண்டுக்கு ஜிப் மாற்றினேன், ஒருவருக்குக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னேன். கடைசியாகச் சொன்னது மதியம் ஒன்றேகாலுக்கு, வாயில் மூன்று குண்டூசியோடு.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். கையில் முட்டி கிழிந்த வேலை பேன்ட். அதைத் தைக்கக் கொடுக்க வந்தவர்தான். நான் "ம்" என்றேன். "அந்த 'ம்' சரிங்கறதா, இல்ல வாயில ஊசி இருக்குங்கறதா?" என்றார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "சரி" என்றேன். பிறகு அவர் பேன்ட்டை வாங்காமலே அளவு எழுத உட்கார்ந்தேன். யாருடைய அளவை எழுதினேன் என்று கேட்டால் தெரியாது.

வயது ஐம்பத்தெட்டு. கால் தரையில் பாவவில்லை என்று எழுத ஆசை. பாவுகிறது. வலது கால் பாவும்போதெல்லாம் முட்டி 'ஐயோ' என்று கத்துகிறது.

இதை அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். மேலே கட்டம் அச்சடித்திருக்கிறது: நீளம், இடுப்பு, தொடை, முழங்கால், பாதம். இன்றைய சேதியை எந்தக் கட்டத்தில் போடுவது?

அவரைப் பற்றி எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துபோகாமல் இருக்க. (மறக்கிற மூஞ்சியைப் பார்!) போன ஆகஸ்டில் எலும்பு டாக்டரின் வராந்தாவில் பார்த்தது. என் டோக்கன் பதினான்கு, அவருடையது பதினைந்து. "பதினாலு" என்று கூப்பிட்டார்கள். பெஞ்சு தாழ்வு. எழ முடியவில்லை. பக்கத்திலிருந்தவர் கை நீட்டினார். நான் யார் கையையும் பிடித்து எழுந்தவள் இல்லை. இருபத்திரண்டு வயதில் தனியாளாகக் கடை வைத்தவள். ஆனால் டாக்டரம்மா காத்திருக்கிறார். பிடித்தேன். அவரும் எழ முயன்றார். இரண்டு பேரும் 'தொப்' என்று திரும்ப பெஞ்சிலேயே விழுந்தோம். அவருக்கு இடது முட்டி, எனக்கு வலது. அன்று முதல் நான் அவருக்குப் பதினாலு, அவர் எனக்குப் பதினஞ்சு.

பிப்ரவரி 13, வெள்ளி

தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எதற்கும் முதலில் பிரேக்தான் போடுவாள்.

"யாரு, அந்த லிஃப்ட் ரிப்பேர்காரரா? அக்கா, உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்தே நல்ல கால் ரெண்டுதான் இருக்கு."

"ஒரு ஜோடி போதும்டி, குடும்பம் நடத்த" என்றேன்.

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. பிறகு அழுதாள். பிறகு, "என்ன கலர்ல உடுத்தப்போற?" என்றாள். ஆக, அவளும் சம்மதம்.

பிப்ரவரி 16, திங்கள்

பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கப் போனோம். அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கதவில் ஒரு சிவப்புத் தாள்: "பயன்படுத்தக் கூடாது." கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"நான்தான் டிசம்பர்ல சீல் வச்சேன். கயித்துல இழை அறுந்திருக்கு."

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்—"

"எந்தக் கயிறும் ஒரு நாள்தான் அறும், பதினாலு."

கோபமும் வந்தது, கூடவே இந்த ஆளை விடக் கூடாது என்றும் தோன்றியது.

ஐம்பத்துநான்கு படி. ஏறிக்கொண்டே கேட்டேன்: லிஃப்ட்காரருக்கு எப்படி முட்டி தேயும்? "லிஃப்ட் ஓடினா எங்களை யாரு கூப்பிடுவா? ஓடாதப்பதான் கூப்பிடுவாங்க. மெஷின் ரூம் மொட்டை மாடியில. எதுல ஏறிப் போறது, சொல்லு?" முப்பத்தொரு வருஷமாகப் படியில் ஏறியே ஊரை லிஃப்டில் ஏற்றியிருக்கிறார். சிரித்த சிரிப்பில் இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். எங்களைத் தாண்டி ஒரு சின்னஞ்சிறு ஜோடி குதித்துக்கொண்டு ஏறிப் போனது. அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கி வரும்போதும் நாங்கள் அங்கேயேதான் இருந்தோம்.

தேதி: ஜூலை 3, காலை பதினொன்று. எழுத்தர் நல்ல மனிதர். "நேர்ல வந்துதான் கையெழுத்துப் போடணும். முடியலைன்னா நாற்காலில உட்கார வச்சுத் தூக்கிட்டு வர ஆள் இருக்காங்கம்மா" என்றார்.

என் கல்யாணத்துக்கு என்னை மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு போவதா? கீழே இறங்கியதும் சொல்லிவிட்டேன்: "என் ரெண்டு கால்ல ஏறிப் போனாதான் கல்யாணம். இல்லேன்னா வேண்டாம்."

பதினஞ்சு தலையை ஆட்டினார். "அப்ப ஆபரேஷன் பண்ணிக்கலாம். ரெண்டு பேருமே."

மூன்று வருஷமாக டாக்டரம்மா சொல்லியும் கேட்காத இரண்டு கழுதைகள், ஒரு மாடிப்படியைப் பார்த்ததும் கேட்டுவிட்டன.

பிப்ரவரி 24, செவ்வாய்

டாக்டரம்மா பொறுமைசாலி. முட்டி மாற்ற இரண்டு வழி என்றார். ஒரு தாளில் கால் வரைந்து, அதன் மேல் ஒரு சின்னக் கோடு, ஒரு பெரிய கோடு. கை தானாகப் பைக்குள் போனது. டேப்பை எடுத்து, அசல் அளவு கேட்டுக் குறித்துக்கொண்டேன். சின்னது நாலு இஞ்சு. பெரியது எட்டு.

"உள்ள வைக்கிற மூட்டு ஒண்ணுதான். அறுக்கிற எலும்பும் அதே அளவுதான். வாசல்தான் சின்னது, பெரிசு" என்றார். சின்ன வெட்டில் தொடைத் தசையை அதிகம் அறுக்காமல் ஒதுக்கிக்கொண்டு போவார்களாம். முதல் சில வாரம் வலி குறையலாம், சீக்கிரம் நடக்கலாம். ஆனால் உள்ளே பார்க்க இடம் குறைவு, நேரம் கூட ஆகும், மூட்டு கோணலாக உட்கார்ந்துவிடாமல் கவனமாக இருக்க வேண்டும். பெரிய வெட்டில் எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும். "ஒரு வருஷம் கழிச்சு நடக்க விட்டா, யாருக்கு எந்த வெட்டுன்னு எனக்கே தெரியாது."

வெளியே வந்ததும் ஆரம்பித்தது.

நான்: சின்னதுதான். ஒரு பேன்ட்டில் பை ஓட்டையானால் பேன்ட்டையே பிரிப்பார்களா? தேவையான அளவு தையலை எடுத்து, கை நுழைத்து, வேலையை முடித்து மூடினால் போட்டுக்கொள்கிறவருக்கே தெரியாது. அதுதான் கைத்திறன்.

அவர்: பெரியதுதான். லிஃப்ட் பலகையை முழுசாகக் கழற்றாமல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்க்கிறவன் மெக்கானிக்கே இல்லை. "பார்க்காம பண்ணுற வேலை பாதி வேலை."

நான்: "பார்க்கத் தெரியாதவனுக்குத்தான் பெரிய ஓட்டை வேணும்."

அவர்: "ஊசிக் காதுல பூந்து ஊரைப் பார்த்தேங்கறியா?"

நர்ஸ் வந்து, இது ஆஸ்பத்திரி, சந்தை இல்லை என்றாள். பஸ்ஸில் அவர் முன் இருக்கை, நான் பின் இருக்கை.

பிப்ரவரி 25, புதன்

பேசவில்லை. அவரும் பேசவில்லை. நாலு இஞ்சுதான் சரி.

பிப்ரவரி 26, வியாழன்

போன் வந்தது. "உன் கால்ல நாலு, என் கால்ல எட்டு. அவங்கவங்க கால், அவங்கவங்க இஷ்டம். சரியா?" இவ்வளவு எளிதான விஷயத்துக்கு இரண்டு நாள் பட்டினி மாதிரி கிடந்தேனே! மதியம் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போது பாடிக்கொண்டிருந்தேனாம். சட்டை வாங்க வந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 3, செவ்வாய்

எக்ஸ்ரே பார்த்தாயிற்று. டாக்டரம்மா இரண்டு படத்தையும் வெளிச்சத்தில் மாட்டினார். என் வலது கால், முட்டிக்குக் கீழே அடைப்புக்குறி மாதிரி வளைந்திருந்தது. "உங்களுக்கு வளைவு அதிகம். போதாததுக்குப் பழைய அடி ஒண்ணு வேற இருக்கு. நிமித்தணும்னா நல்லா திறந்துதான் செய்யணும். எட்டு இஞ்சு." பிறகு அவர் பக்கம் திரும்பி: "உங்களுக்கு வளைவு கம்மி, உடம்பும் ஒல்லி. சின்ன வெட்டு தாராளமா போதும்."

இரண்டு பேரும் வாயைத் திறந்து வைத்திருந்தோம்.

"அப்ப எனக்கும் எட்டே போட்டுடுங்க டாக்டர்" என்றார் பதினஞ்சு. "இது என்ன ஹோட்டலா, அவங்க சாப்பிடறதையே எனக்கும் கொடுன்னு கேட்க?" என்றார் டாக்டரம்மா. முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

நான் வாதாடி ஜெயித்தது அவர் காலுக்கு. அவர் வாதாடி ஜெயித்தது என் காலுக்கு. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். வராந்தாவில் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்த நர்ஸ் திரும்பவும் வந்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

கடை விடுமுறை. ஆனாலும் திறந்தேன் — எனக்காக. அவருக்குச் சாம்பல் நிறத்தில் பேன்ட், எனக்கு நீல நிறத்தில் நீண்ட கவுன். ஆபரேஷனுக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். பிறகு எத்தனை நாள் மெஷினில் உட்கார முடியாதோ. என் மெஷினில் துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்க, வலது முட்டியால் ஒரு கம்பியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். முப்பத்தாறு வருஷம் தள்ளிய முட்டி. தேயாமல் என்ன செய்யும்.

ஒரு ரகசியம். அவருடைய இடது கால் கொஞ்சம் கோணல், அதனால் அரை இஞ்சு குட்டை. அவர் வாங்கும் பேன்ட்டெல்லாம் இடது பக்கம் செருப்பில் புரளும். அவருக்கு ஏன் என்று தெரியாது, கடைக்காரனைத் திட்டுவார். நான் இடது காலை அரை இஞ்சு குறைத்து வெட்டினேன். என் கவுனிலும் வலது பக்கம் அதே அரை இஞ்சு. போட்டால் இரண்டு பேரும் நேராகத் தெரிவோம். எவன் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

பெருமையாக இருக்கிறது. என் கைக்கு நானே முத்தம் கொடுக்கத் தோன்றுகிறது.

மார்ச் 17, செவ்வாய்

அவருக்கு இன்று. இரண்டரை மணி நேரம். வெளியே நான், தங்கை, ஒரு பாட்டில் தண்ணீர். முடிந்து வரும்போது மயக்கத்தில், "கதவை மூடு, மேல போறேன்" என்றாராம். நர்ஸ் பயந்துவிட்டாள். நான்தான் விளக்கினேன் — லிஃப்ட் கதவுதான் என்று.

மார்ச் 19, வியாழன்

என் முறை. நோட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். படித்தாயானால் உன் காலை உடைப்பேன், எனக்குத்தான் புதுசு வருகிறதே.

மார்ச் 21, சனி

வலி. அப்பா. வலி.

மார்ச் 24, செவ்வாய்

கட்டு மாற்றும்போது பார்த்தேன். நூலுக்குப் பதில் இருபத்தாறு உலோகப் பின். இடைவெளி ஒரே சீர். நானே இப்படித் தைத்திருக்க மாட்டேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன், "கடையில வேலை கிடைக்குமா?" என்றார்.

பதினஞ்சு பக்கத்து அறையிலிருந்து வந்தார். நடந்து! வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான், ஆனால் நிமிர்ந்து. நான் இன்னும் கட்டில் ஓரத்தில் உட்காரவே சாமி எல்லாவற்றையும் கூப்பிடுகிறேன். அவருடைய கட்டு என்னுடையதில் பாதி.

"நாலு இஞ்சு நல்லாதான் இருக்கு" என்றார் வெட்கத்தோடு.

"நான் சொன்னேனே" என்றேன். சொல்லும்போது சந்தோஷம், சொன்ன பிறகு எரிச்சல்.

ஏப்ரல் 2, வியாழன்

என் வீட்டுக்கு வந்தார். கைத்தடியைச் சும்மா கையில் ஆட்டிக்கொண்டு. நான் வாக்கரில் சமையலறைக்குப் போய் டீ போட்டுத் திரும்புவதற்குள் டீ ஆறிவிட்டது. அவர் எழுந்து வந்து கப்பை வாங்கினார். வாங்கியது தப்பில்லை. ஆனால் மறு கையால் என் முழங்கையைப் பிடித்தார்.

"பிடிக்காதீங்க."

"விழுந்துடுவே."

"விழுந்தா விழுறேன்."

விட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

உடற்பயிற்சி கொடுக்க வரும் அம்மாளுக்கு நான் வைத்த பெயர் கோணமானி. வந்ததும் வராததுமாக அந்தப் பிளாஸ்டிக் கருவியை முட்டியில் வைத்து எத்தனை பாகை என்று பார்ப்பாள். இன்று எழுபத்திரண்டு. போன வாரமும் எழுபத்திரண்டு. படியேறக் குறைந்தது தொண்ணூறு வேண்டும். "அடுத்த வாரமும் இப்படியே இருந்தா மயக்கம் கொடுத்து வளைக்க வேண்டியிருக்கும்னு டாக்டர் சொல்றாங்க." பதினஞ்சுக்கு நூற்றெட்டாம். அவளே சொன்னாள், கேட்காமலே.

மடங்க மாட்டேங்குதே. என்ன பண்ணுவேன்? பல்லைக் கடிச்சு அழுத்தினா கண்ணு இருட்டுது. பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல, இங்கதான் சொல்றேன். அம்பத்துநாலு படி. அவர் மேல நின்னு கையை நீட்டிக்கிட்டு, நான் கீழ நின்னு — வேண்டாம். அப்படி ஒரு படம் வேண்டாம் எனக்கு.

ஏப்ரல் 11, சனி

போனில் சொன்னேன். "தேதியை ரத்து பண்ணிடுங்க."

"தள்ளி வைக்கலாமா?"

"இல்ல. ரத்து."

"என்னாச்சு பதினாலு?"

"உங்களுக்குக் கால் வந்துடுச்சு. எனக்கு வரல. நொண்டியை இழுத்துக்கிட்டு நீங்க ஏன் அலையணும்?"

"ஏற முடியலைங்கறதுதான் பிரச்சனையா?" என்றார். "ஆமா" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

சரியா? அவ்வளவுதானா? நான் சொன்னா உடனே சரின்னுடறதா?

ஏப்ரல் 12, ஞாயிறு

போன் இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்

போன் இல்லை. நல்லது. சாம்பல் பேன்ட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். எடுத்தேன். வைத்தேன்.

ஏப்ரல் 15, புதன்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குத் தங்கை போன். "அக்கா, உன் ஆளு ஆஸ்பத்திரியில. முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கிக் கிடக்கு." எப்படி? நேற்று பதிவு அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறார். படியில்தான். மெஷின் ரூமுக்கு. லிஃப்டின் கயிற்றை அளந்து, புதுக் கயிறு மாட்ட ஏற்பாடு செய்ய! ஆபரேஷன் ஆகி நாலு வாரம்! "ஏற முடியலைங்கறதுதான் பிரச்சனையா" என்று ஏன் கேட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. நான் ஏறாமலே மேலே போக லிஃப்டைச் சரி பண்ணப் போயிருக்கிறார், பைத்தியம்!

அடுத்து என்ன செய்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. மூலையில் கிடந்த கைத்தடியை எடுத்தேன். கதவைப் பூட்டினேன். பஸ் ஏறினேன். வழியெல்லாம் திட்டு ஒத்திகை. ஆஸ்பத்திரி வார்டில் அவர் ஐஸ் பையோடு படுத்திருந்தார். பக்கத்தில் டாக்டரம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு: "வாசல் சின்னதுன்னா உள்ள வேலையும் சின்னதுன்னு நினைச்சீங்களா? தோல் ஆறிடுச்சு, சரி. எலும்பும் தசையும் இன்னும் ஆறல. அதுக்கு நாலு இஞ்சும் எட்டு இஞ்சும் ஒண்ணுதான்."

நான் என் பங்குக்கு ஆரம்பித்தேன். "அறிவிருக்கா உங்களுக்கு? யாரைக் கேட்டு ஏறினீங்க? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரோட சண்டை போடுவேன்?" அழுதுகொண்டே திட்டினேன். வார்டு முழுக்க வேடிக்கை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாக்கர் எங்கே?"

குனிந்து பார்த்தேன். வாக்கர் இல்லை. வீட்டில்.

"பஸ்லயா வந்தே? பஸ்ஸுல மூணு படி இருக்குமே?"

மூன்று படி. நான் எப்போது ஏறினேன்? ஞாபகமே இல்லை! எந்தக் காலை முதலில் வைத்தேன், எதைப் பிடித்தேன், ஒன்றும் தெரியாது. திட்டுகிற மும்முரத்தில் கால் பாட்டுக்கு மடங்கி ஏறி இறங்கியிருக்கிறது.

டாக்டரம்மா என்னை நாற்காலியில் உட்கார வைத்து வளைத்துப் பார்த்தார். "எண்பத்தெட்டு. இவங்களை இன்னும் நல்லா கோபப்படுத்துங்க சார்" என்றார்.

கட்டிலில் அவரும் நாற்காலியில் நானும் பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம். தேதியை ரத்து செய்தாரா என்று கேட்டேன். "எதுக்கு? நீ ரத்துன்னப்ப உன் குரல் தேஞ்ச பேரிங் மாதிரி கத்துச்சு. ரிப்பேர்னு புரிஞ்சுது."

இந்த மனிதருக்கு நான் பேன்ட் தைக்கவில்லை என்றால் வேறு யாருக்குத் தைப்பது?

ஏப்ரல் 16, வியாழன்

கோணமானி வந்தாள். தொண்ணூற்றிரண்டு. கருவி பழுதோ என்று தட்டிப் பார்த்தாள்.

மே 4, திங்கள்

இப்போது இரண்டு பேரும் ஒரே மட்டம். அவர் இரண்டு வாரம் படுத்து எழுந்ததில், முயல் தூங்க ஆமை வந்து சேர்ந்தது. தினமும் சாயங்காலம் பூங்காவை ஒரு சுற்று. அவர் நூற்றுப்பத்து, நான் நூற்றைந்து.

என்னை இடப்பக்கமும் அவரை வலப்பக்கமும் நிறுத்தினால் இரண்டு புது முட்டியும் நடுவில், பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. இன்று உரசிக்கொண்டன. "டிங் கேட்டுச்சா?" என்றார். கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னேன்.

மே 20, புதன்

கோணமானியின் விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். தங்கை வீட்டுப் படியில் பழகினோம். ஜோடியாக நின்றால், ஏறும்போது வெளிக் கால்கள், இறங்கும்போது உள் கால்கள். "அணிவகுப்பு மாதிரி இருக்கு" என்றாள் தங்கை. "பிரேக்! பிரேக்!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

ஜூன் 8, திங்கள்

மெஷினில் உட்கார்ந்தேன். முட்டியால் கம்பியைத் தள்ளினேன். மெஷின் பாதம் எழும்பியது. நூல் மாட்டாமலே பத்துத் தடவை தூக்கி இறக்கினேன்.

ஜூன் 30, செவ்வாய்

இன்று என் மானம் போனது, பிறகு வந்தது.

மாலை அவரைப் பேன்ட் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மறைப்புக்குப் பின்னாலிருந்து வந்தார். இடது கால் தூக்கிக்கொண்டு நிற்கிறது. காலுறை தெரிகிறது! அரை இஞ்சு. நானா? முப்பத்தாறு வருஷத்தில் ஓரம் தப்பியதில்லை. ஓடிப் போய் என் கவுனை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். வலது பக்கம் அதே அரை இஞ்சு மேலே. கை போச்சு. கண்ணு போச்சு. கல்யாணத்துக்கு மூணு நாள் இருக்கறப்ப என் தொழிலே போச்சு—

கத்தரியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆம், தரையில். காலை மடக்கி அல்ல, நீட்டித்தான். அந்தப் புது முட்டியைப் பார்த்தேன். பக்கத்தில் பழைய முட்டி. இரண்டும் நேர்க்கோடு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிமிர்ந்துவிட்டது, ஆட்டக்காரி கோணலுக்குத் தைத்து வைத்திருக்கிறாள்! காலை நிமிர்த்தப் போகிறார்கள் என்று தெரிந்தே, கோணல் காலுக்கு அளவெடுத்துத் தைத்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். சிரிப்பு வந்தது பார், அடக்க முடியவில்லை.

அவருக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப என் கால் கோணல்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். டோக்கன் வாங்கிட்டு நடந்து வந்தப்பவே."

"ஒரு தடவைகூடச் சொல்லலியே."

"எதுக்குச் சொல்லணும்? அதான் தைச்சுட்டேனே."

பேன்ட்டின் அந்தக் குட்டைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. லிஃப்ட்காரர்கள் அழுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

எந்தத் துணிக்கும் உள்ளே இரண்டு விரல் மிச்சம் விடுவது என் வழக்கம். பிரித்து இறக்கிவிட்டேன், இரண்டையும். பழைய மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு நிற்கிறது. இஸ்திரி போட்டும் போகவில்லை. "அது இருக்கட்டும்" என்றார்.

ஜூலை 3, வெள்ளி

நடந்தது!!

தங்கையின் காரில் போனோம். கூரையில் 'பழகுநர்' பலகையோடு. எல்லா வண்டியும் எங்களுக்கு ஒதுங்கி வழி விட்டன. கட்டடத்தில் லிஃப்ட் ஓடுகிறது! அவருடைய ஆட்கள் புதுக் கயிறு மாட்டி, வேறொரு அதிகாரி வந்து சோதித்து, போன வாரம்தான் சிவப்புத் தாளைக் கிழித்திருக்கிறார்கள். பதினஞ்சு கதவைத் திறந்து தங்கையையும் பூக்களையும் உள்ளே ஏற்றினார். கதவு மூடியதும் தலையைச் சாய்த்து மோட்டார் சத்தத்தைக் கேட்டார். "நல்லா போகுது."

அப்புறம் என்னைப் பார்த்தார். படிப் பக்கம் திரும்பினோம்.

வெளிக் கால் முதலில். ஒன்று. இரண்டு. கைப்பிடிச் சுவர் பக்கம் நான், ஆனால் தொடவில்லை. பதினெட்டாவது படியில் முதல் மாடி. முப்பத்தாறில் இரண்டாவது; அன்று உட்கார்ந்த இடத்தைத் தாண்டும்போது அதற்கு ஒரு வணக்கம் வைத்தோம். மேலே இருந்து தங்கை எட்டிப் பார்த்து, "அக்கா, சீக்கிரம்! கூப்பிடப் போறாங்க!" என்றாள். "கல்யாணம் எங்களுக்குத்தானேடி, நாங்க வராம யாருக்குப் பண்ணி வைப்பாங்க?" என்றேன். மூச்சு வாங்கியது. சிரிப்பதாலா ஏறுவதாலா, தெரியாது. ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. கடைசிப் படியில் இரண்டு பேரும் ஒன்றாகக் கால் வைத்தோம். இதில் நாலு இஞ்சு ஜெயித்ததா, எட்டு இஞ்சு ஜெயித்ததா என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எழுத்தர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நாற்காலி வேண்டுமா என்று கேட்கவில்லை. ஒரு டோக்கன் கொடுத்தார். எண் ஆறு. பதினஞ்சு இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

"கல்யாணத்துக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணுதான் சார்" என்றார் எழுத்தர்.

ஜூலை 4, சனி

இறங்கும்போதும் படியில்தான் இறங்கினோம். அதை எழுத மறந்துவிட்டேன். வலது முட்டி இன்று சூடாக இருக்கிறது. ஐஸ் பை ஒன்று, முட்டி இரண்டு. முறை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

செப்டம்பர் 15, செவ்வாய்

ஆறு மாதச் சோதனை. அதே வராந்தா, அதே தாழ்ந்த பெஞ்சு. டோக்கன் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. பக்கத்தில் ஒருவர் புதிதாக வந்திருந்தார், ஓட்டுநராம். முட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீங்க பண்ணிக்கிட்டவங்கதானே? சின்ன வெட்டு நல்லதா, பெரிய வெட்டு நல்லதா?"

"சின்னது!" என்றேன் நான். "பெரிசு!" என்றார் அவர். ஒரே நேரத்தில்.

"இவரைப் பாருங்க. நாலு இஞ்சுதான். ரெண்டே வாரத்துல நடந்தாரு."

"இவளைப் பாருங்க. எட்டு இஞ்சு. அடைப்புக்குறி மாதிரி இருந்த கால், இப்ப ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கு."

ஓட்டுநர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் உங்க காலைப் பத்திக் கேட்டா, நீங்க அவர் காலைப் பத்திச் சொல்றீங்க?"

பதில் சொல்வதற்குள் "முப்பத்தொண்ணு" என்று கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்தேன். கையை எதிலும் ஊன்றவில்லை. பெஞ்சு தாழ்வாக இருக்கிறது என்பதே எழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவரும் எழுந்து, பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். நீட்டிய பிறகு, இவளுக்குப் பிடிக்காதே என்று நினைத்தாரோ என்னவோ, பின்னால் இழுக்கப் பார்த்தார்.

பிடித்து எழ வேண்டிய தேவை இல்லை. பிடித்துக்கொண்டேன்.